டீக்கடைக் கரியிலிருந்து மக்கள்தொகை வரை: நேர்கோட்டுச் சமன்பாட்டை வைத்து முன்கணிப்பது எப்படி?

ரங்கூன் சந்தையில் உளுந்தோ துவரையோ வாங்கிக்கொண்டு வருகிற எவரும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு நேர்கோட்டுச் சமன்பாட்டைப் போட்டுவிட்டுத்தான் வீடு திரும்புகிறார்கள். தராசு காட்டுவது வீசைக் கணக்கு. ஊரிலிருந்து வந்திருக்கும் சொந்தக்காரருக்குச் சொல்ல வேண்டியது கிலோ. பர்மா வீசை ஒன்று ஏறக்குறைய 1.63 கிலோ. ஆகவே,

கிலோ = 1.63 × வீசை

இதுதான் நேர்கோட்டுச் சமன்பாடு. வீசையைக் கிடைக்கோட்டிலும் கிலோவைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்துப் புள்ளி போட்டால், எல்லாப் புள்ளியும் ஒரே கோட்டில் வரிசைகட்டி நிற்கும். இன்னொரு செய்தி: பர்மாவில் ஆங்கிலேயர் ஏடுகளில் 'விஸ்' என்று எழுதிவைத்த அளவு நம்முடைய வீசையிலிருந்து போன சொல். ஆனால் பழைய சென்னை வீசை ஏறக்குறைய 1.4 கிலோதான். சொல் ஒன்று, பெருக்கும் எண் வேறு. அந்தக் காலத்தில் கப்பலேறி வந்தவர்கள் முதல் மாதச் சந்தையில் எப்படித் தடுமாறியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

அந்தப் பெருக்கும் எண்ணுக்குப் பெயர் சாய்வு. ஒன்று ஒரு அலகு கூடும்போது மற்றது எவ்வளவு கூடுகிறது என்பதை அது சொல்லும். வீசைக் கணக்கு சுழியத்தில் தொடங்குகிறது. பொருள் இல்லையென்றால் எடையும் இல்லை. எல்லாக் கோடும் அப்படித் தொடங்காது. செல்சியஸைப் பாரன்ஹீட்டாக மாற்ற 1.8 ஆல் பெருக்கினால் மட்டும் போதாது, 32-ஐயும் கூட்ட வேண்டும். இந்த 32 போல, கோடு எங்கிருந்து கிளம்புகிறது என்று சொல்லும் எண்ணைப் பாடப்புத்தகம் வெட்டுத்துண்டு என்கிறது. சாய்வு, வெட்டுத்துண்டு என்ற இந்த இரண்டு எண் கிடைத்துவிட்டால் கோடு கையில் வந்துவிட்டது.

அலகு மாற்றும் கணக்கில் புள்ளிகள் அச்சுப் பிசகாமல் கோட்டில் உட்காரும். வாழ்க்கையிலிருந்து எடுத்த புள்ளிகள் அப்படி உட்காருவதில்லை. கோட்டுக்கு மேலே இரண்டு, கீழே மூன்று என்று சிதறிக் கிடக்கும். அந்தச் சிதறலுக்குள் ஒரு கோட்டைக் கண்டுபிடிப்பது, அதை வைத்து நாளையைச் சொல்வது, எங்கே அந்தக் கோட்டை நம்பக்கூடாது என்று தெரிந்துகொள்வது, இந்த மூன்றையும் ஒரே எடுத்துக்காட்டில் பார்த்துவிடலாம்.

முதல் படி: கேள்வியைத் தெளிவாக்குங்கள்

என் மாமா ரங்கூனில் டீக்கடை வைத்திருந்தார். கரி அடுப்பு. கடை சாத்தும் நேரத்தில் என்னிடம் தினமும் ஒரே கேள்வி: "நாளைக்கு எவ்வளவு கரி எடுத்து வைக்கணும் மாப்ளே?" கூடுதலாக எடுத்து வெளியே வைத்தால் ஈரம் ஏறும். குறைந்தால் கூட்ட நேரத்தில் அடுப்பு அணையும். அவருடைய பழைய நோட்டு இப்போது என்னிடம் இல்லை. அதனால் கீழே வரும் எண்கள், கணக்கு எளிதாக வரும்படி நானே அமைத்தவை. கணக்கின் போக்கு அவர் கடையுடையதுதான்.

கேள்வியைக் கணக்கு மொழியில் சொல்லிப் பார்ப்போம். நாம் கண்டுபிடிக்க வேண்டியது கரி. அதைத் தீர்மானிப்பதாக நாம் நினைப்பது, விற்கும் கோப்பைகளின் எண்ணிக்கை. கோப்பை காரணி, கரி விளைவு. பாடப்புத்தகத்தில் இவற்றைச் சாரா மாறி, சார்ந்த மாறி என்பார்கள். எது எது என்பதை இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். பாதி வழியில் மாற்றினால் கோடே வேறாகிவிடும்.

இரண்டாம் படி: நோட்டுப் போடுங்கள்

ஒரே மாதிரி நாட்களாக ஏழு நாள் எடுத்துக்கொள்வோம்.

100 கோப்பை விற்ற நாள்: 5.9 வீசை கரி
140 கோப்பை: 6.5 வீசை
160 கோப்பை: 6.4 வீசை
200 கோப்பை: 7.1 வீசை
220 கோப்பை: 7.1 வீசை
260 கோப்பை: 7.7 வீசை
320 கோப்பை: 8.3 வீசை

'ஒரே மாதிரி நாட்கள்' என்று சொன்னதில் விஷயம் இருக்கிறது. ரங்கூனில் மே மாத நடுவிலிருந்து அக்டோபர் வரை மழைக்காலம். கரி ஈரமாக இருக்கும், அதே தண்ணீரைக் கொதிக்கவைக்கக் கூடுதல் கரி பிடிக்கும். கோடைக் கணக்கையும் மழைக்காலக் கணக்கையும் ஒரே பட்டியலில் கலந்தால் வருகிற கோடு இரண்டு காலத்துக்கும் பொருந்தாது. தனித்தனி நோட்டு, தனித்தனி கோடு. கடையில் இருப்பவருக்கு இது சொல்லாமலே தெரியும். கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் யாராவது சொல்ல வேண்டும்.

மூன்றாம் படி: முதலில் கண்ணால் பாருங்கள்

கட்டம் போட்ட தாளில் கிடையாகக் கோப்பை, நெடுவாக்கில் கரி என்று ஏழு புள்ளி வையுங்கள். இதற்குச் சிதறல் விளக்கப்படம் என்று பெயர். இந்தப் படியைத் தாண்டிப் போய்விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். புள்ளிகள் கோடு போலப் போகின்றனவா, வளைகின்றனவா, ஒன்று மட்டும் தனியே விலகி நிற்கிறதா என்பதெல்லாம் படத்தில் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். சூத்திரத்துக்குக் கண் கிடையாது. வளைந்த புள்ளிகளைக் கொடுத்தாலும் அது மறுக்காமல் ஒரு நேர்கோட்டைத் தந்துவிடும்.

ரங்கூன் மழையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலிலிருந்து ஜூன் வரை மாதாமாதம் மழை ஏறுவதைப் பார்த்துக் கோடு போட்டவர், அதே கோட்டில் டிசம்பருக்குப் போனால் நகரமே முழுகியிருக்கும். உண்மையில் டிசம்பரில் குடையைத் தேட வேண்டியதே இல்லை. ஏறி இறங்குகிற விஷயத்துக்கு நேர்கோடு ஆகாது.

நம் கரிப் புள்ளிகள் கீழே இடப்பக்கத்திலிருந்து மேலே வலப்பக்கமாக ஒழுங்காக ஏறுகின்றன. மேற்கொண்டு போகலாம்.

நான்காம் படி: இரண்டு புள்ளியில் ஒரு கோடு, அதில் ஒரு பொறி

சாய்வு காண எளிய வழி: இரண்டு புள்ளியை எடுத்து, கரியில் வந்த வேறுபாட்டைக் கோப்பையில் வந்த வேறுபாட்டால் வகுப்பது. முதல் நாளையும் கடைசி நாளையும் எடுப்போம்.

சாய்வு = (8.3 − 5.9) ÷ (320 − 100) = 2.4 ÷ 220 = 0.0109

100 கோப்பைக்கு 5.9 வீசை என்றால், அதிலிருந்து 100 × 0.0109 = 1.09 வீசையைக் கழித்தால் வெட்டுத்துண்டு 4.81. ஆக,

கரி = 4.81 + 0.0109 × கோப்பை

மோசமில்லை. இப்போது இரண்டாம், மூன்றாம் நாட்களை எடுத்துப் பாருங்கள். 140 கோப்பைக்கு 6.5, 160 கோப்பைக்கு 6.4. சாய்வு −0.1 ÷ 20 = −0.005. டீ அதிகம் விற்றால் கரி குறைவாகச் செலவாகும் என்கிறது இந்தக் கோடு! நோட்டில் தப்பில்லை. ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்கும் புள்ளிகளை எடுத்ததால் அன்றாட ஏற்ற இறக்கம் சாய்வையே விழுங்கிவிட்டது. அவசரத்துக்கு இரண்டு புள்ளியில் வேலையை முடிக்க வேண்டுமென்றால் தொலைவில் இருக்கும் இரண்டை எடுங்கள். இந்த வாரமும் போன வாரமும் மட்டும் பார்த்துவிட்டு "வியாபாரம் படுத்துவிட்டது" என்று முடிவுகட்டுகிறவர்கள் செய்வதும் இதே பிழைதான்.

ஐந்தாம் படி: ஏழு புள்ளிக்கும் நியாயம் செய்யும் கோடு

மீச்சிறு வர்க்க முறை என்பது பெயரில்தான் மிரட்டும். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறது என்று அளந்து, அந்த அளவுகளை வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவோ அதைத் தேர்வது, அவ்வளவே. 1805-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் இதை அச்சில் வெளியிட்டார். 1809-இல் வெளியிட்ட ஜெர்மானியர் காவுஸ், தாம் 1795 முதலே இதைக் கையாண்டு வருவதாகச் சொல்ல, பெரிய மனஸ்தாபம் ஆயிற்று. 1801 ஜனவரி 1-இல் பியாசி கண்டுபிடித்த சீரிஸ் என்ற குறுங்கோள் சில வாரங்களில் சூரிய ஒளியில் மறைந்துபோனபோது, கிடைத்த சில அளவீடுகளை வைத்து அது எங்கே மீண்டும் தென்படும் என்று காவுஸ் கணித்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் வானியலாளர்கள் அதைத் திரும்பக் கண்டுவிட்டார்கள். அது நேர்கோட்டுக் கணக்கு இல்லை. ஆனாலும் சிதறிக் கிடக்கும் அளவீடுகளிலிருந்து இனி வரப்போவதைச் சொல்லும் வேலைக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் கிடைத்திருக்காது.

நம் கரிக்கு வருவோம். கோப்பைகளின் மொத்தம் 1,400. ஏழால் வகுத்தால் சராசரி 200. கரியின் மொத்தம் 49, சராசரி 7. இனி ஒவ்வொரு நாளும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எழுதுங்கள்.

கோப்பை விலகல்: −100, −60, −40, 0, 20, 60, 120
கரி விலகல்: −1.1, −0.5, −0.6, 0.1, 0.1, 0.7, 1.3

இரண்டு வரிசையும் தனித்தனியே கூட்டினால் சுழியம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ கழித்தலில் பிழை. அங்கேயே நின்று திருத்துங்கள். பிறகு, மேலும் கீழுமாக இருக்கும் இணைகளைப் பெருக்குங்கள்: 110, 30, 24, 0, 2, 42, 156. மொத்தம் 364. கோப்பை விலகல்களை மட்டும் வர்க்கப்படுத்துங்கள்: 10,000, 3,600, 1,600, 0, 400, 3,600, 14,400. மொத்தம் 33,600.

சாய்வு = 364 ÷ 33,600 = 0.01083
வெட்டுத்துண்டு = 7 − (0.01083 × 200) = 4.83

கரி = 4.83 + 0.01083 × கோப்பை

சராசரிக் கோப்பையும் சராசரிக் கரியும் சந்திக்கும் புள்ளி வழியாக இந்தக் கோடு கட்டாயம் போகும். கையால் கோடு வரைகிறவர்கள் அந்தப் புள்ளியில் அளவுகோலை ஊன்றிக்கொண்டு சாய்வை மட்டும் சரிசெய்தால் பாதி வேலை மிச்சம்.

கூகுள் ஷீட்ஸ், எக்செல் இரண்டிலும் ஸ்லோப், இன்டர்செப்ட் என்ற சூத்திரங்கள் இதை நொடியில் செய்துவிடும். ஒரே எச்சரிக்கை: அவை முதலில் கேட்பது விளைவு வரிசையை, பிறகுதான் காரணி வரிசையை. மாற்றிக் கொடுத்தாலும் ஏதோ ஒரு எண் வரும். பிழை என்று சொல்லாது.

ஆறாம் படி: அந்த இரண்டு எண்ணும் என்ன பேசுகின்றன?

எனக்குப் பிடித்த படி இதுதான். பலர் இதைத் தாண்டி நேராக முன்கணிப்புக்கு ஓடிவிடுகிறார்கள்.

சாய்வு 0.01083. ஒரு கோப்பைக்கு வீசையில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இப்படிச் சொன்னால் மண்டையில் ஏறாது. நூறு கோப்பைக்கு 1.08 வீசை, அதாவது ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ என்றால் கடைக்காரருக்குப் புரியும். சாய்வை எப்போதும் புழங்குகிற அலகில் பெருக்கிச் சொல்லுங்கள்.

வெட்டுத்துண்டு 4.83. ஒரு கோப்பை கூட விற்காத நாளிலும் 4.83 வீசை கரி எரிந்துவிடும் என்கிறது கோடு. அடுப்பு மூட்ட, அண்டாத் தண்ணீரைச் சூடாகவே வைத்திருக்க, பாத்திரம் கழுவ வெந்நீர் போட. இதை மாமாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. சராசரி நாளில் எரியும் 7 வீசையில் 4.83 என்றால் பத்தில் ஏழு பங்கு. டீயைக் குறைவாகக் கொதிக்கவைத்துக் கரியை மிச்சம் பிடிக்கப் பார்த்தவர், மறுவாரம் அண்டாவுக்குச் சரியான மூடி வாங்கினார். முன்கணிப்பு செய்யாமலேயே சமன்பாடு காசைக் கொடுத்த கதை இது.

ஆனால் ஒன்று. நம் நோட்டில் 100 கோப்பைக்குக் குறைந்த நாளே இல்லை. ஆகையால் 4.83 என்பது கோட்டைப் பின்னோக்கி நீட்டிப் பெற்ற எண். கண்ணால் பார்த்த எண் அல்ல. இங்கே அதற்குப் பொருள் இருப்பதால் ஏற்கிறோம். சில கணக்குகளில் வெட்டுத்துண்டுக்குப் பொருளே இருக்காது. பிள்ளைகளின் வயதையும் உயரத்தையும் வைத்துப் போட்ட கோட்டைப் பிடித்துக்கொண்டு, பிறக்கும்போது குழந்தை இத்தனை அடி என்று யாரும் சொல்லக்கூடாது.

ஏழாம் படி: கோடு எவ்வளவு பிசகுகிறது?

ஒவ்வொரு நாளும் உண்மையில் எரிந்த கரியிலிருந்து கோடு சொல்லும் கரியைக் கழியுங்கள். மிஞ்சுவது எச்சம். 140 கோப்பைக்குக் கோடு 6.35 என்கிறது, எரிந்தது 6.5, எச்சம் 0.15. 160 கோப்பைக்கு 6.57, எரிந்தது 6.4, எச்சம் −0.17. மற்றவற்றில் இதைவிடக் குறைவு. ஆகப் பெரிய பிசகே 0.17 வீசை, கால் கிலோவுக்குச் சற்று மேல். கரி வியாபாரியின் தராசே அந்த அளவு ஆடும்.

எச்சங்களின் அளவை மட்டும் பார்க்காமல், அவற்றின் வரிசையையும் பாருங்கள். மேலே கீழே என்று மாறிமாறி வந்தால் நல்லது. தொடக்கத்தில் எல்லாம் மேலே, நடுவில் எல்லாம் கீழே, முடிவில் மறுபடி மேலே என்று வந்தால், உண்மையான உறவு வளைவானது. நீங்கள் வலுக்கட்டாயமாகக் கோடு போட்டிருக்கிறீர்கள்.

ஒட்டுறவுக் கெழு என்று ஒன்று இருக்கிறது. −1 முதல் 1 வரை போகும். 1-ஐ நெருங்கினால் புள்ளிகள் ஏறும் கோட்டோடு ஒட்டி நிற்கின்றன என்று பொருள். நமக்கு 0.99 வருகிறது. இந்த எண்ணைப் பார்த்து மயங்குகிறவர்கள் அதிகம் என்பதால் இரண்டு வார்த்தை. முதலாவது, இரண்டு விஷயம் சேர்ந்து ஏறுவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகாது. தெருவில் மின்வெட்டு நேரம் கூடினால் டீக்கடைக் கூட்டம் கூடும். மெழுகுவத்தி விற்பனையும் கூடும். மெழுகுவத்தி வாங்கியதால் டீ குடிக்க வந்தார்கள் என்று யாராவது சொல்வார்களா? இரண்டாவது, நாம் அமைத்த எண்கள் என்பதால்தான் 0.99. உங்கள் நோட்டில் 0.8 வந்தால் அதற்காக வருந்த வேண்டாம், முன்கணிப்போடு கொஞ்சம் கூடுதல் கரியை எடுத்து வையுங்கள், போதும்.

எட்டாம் படி: முன்கணிப்பு

நாளை 240 கோப்பை போகும் என்று மாமா நினைக்கிறார்.

கரி = 4.83 + 0.01083 × 240 = 7.43 வீசை

நோட்டில் 240 இல்லை, ஆனால் 100-க்கும் 320-க்கும் நடுவில் இருக்கிறது. இது இடைச்செருகல், நம்பலாம். 7.43 என்று சொல்லிவிட்டு நிறுத்தாமல், பிசகு இரண்டு பக்கமும் 0.2 அளவுக்கு வரலாம் என்று சேர்த்துச் சொல்வதே நேர்மையான முன்கணிப்பு. கரி மிஞ்சினால் மறுநாள் உதவும், குறைந்தால் வாடிக்கையாளர் எழுந்து போய்விடுவார். ஆகவே மாமா 7.7 எடுத்து வைப்பார். எந்தப் பக்கம் பிசகினால் நட்டம் அதிகம் என்பதைச் சமன்பாடு சொல்லாது.

தலைகீழாகவும் கேட்கலாம். மூட்டையில் 8 வீசைதான் மிச்சம், எத்தனை கோப்பை தாங்கும்? 8-லிருந்து 4.83-ஐக் கழித்து 0.01083 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 292. புள்ளிகள் கோட்டோடு நன்றாக ஒட்டியிருந்தால் இப்படித் திருப்பிப் போடலாம். சிதறல் அதிகமென்றால் கரியைக் காரணியாக வைத்துப் புதிதாகக் கோடு போட வேண்டும். இரண்டு கோடும் ஒன்றாக இராது.

இனி திருவிழா நாள். காவடி ஊர்வலம் கடை வழியே போகிறது, 400 கோப்பை போகும் என்று வைத்துக்கொள்வோம். சமன்பாடு 9.17 வீசை என்கிறது. மாமா சிரிப்பார். ஒரு அடுப்பில் 400 கோப்பை ஓடாது, இரண்டாவது அடுப்பை மூட்ட வேண்டும். மூட்டினால் அதற்கும் ஒரு வெட்டுத்துண்டு உண்டு. நோட்டின் எல்லைக்கு வெளியே கோட்டை நீட்டுவதற்குப் புறச்செருகல் என்று பெயர். அங்கே கணக்குப் பிழை இல்லாமலேயே விடை பிழையாகும்.

கோட்டை எவ்வளவு தூரம் நீட்டலாம்?

இந்தக் கேள்விக்கு நம் ஊரிலேயே இரண்டு பெரிய பாடம் கிடக்கிறது.

பிரிட்டிஷ் பர்மாவின் குடிமதிப்பில் இந்தியர் தொகை 1901-இல் சுமார் 5.7 லட்சம், 1911-இல் 7.4, 1921-இல் 8.8, 1931-இல் 10.2 லட்சம். தாளில் வைத்துப் பாருங்கள். கரிப் புள்ளிகளுக்குக் குறையாமல் வரிசையாக நிற்கும். 1931-இல் ரங்கூன் நகரத்தின் நாலு லட்சம் பேரில் பாதிக்கு மேல் இந்தியர். மேலே செய்த அதே முறையில் சாய்வு பத்தாண்டுக்கு 1.49 லட்சம் வருகிறது. நீட்டினால் 1941-க்கு 11.75 லட்சம், 1951-க்கு 13.2 லட்சம்.

1941-இல் குடிமதிப்பு எடுத்தார்கள். அதன் ஏடுகளில் பெரும்பகுதி போரில் அழிந்துபோயின. அந்த ஆண்டு டிசம்பர் 23-இல் ரங்கூன் மேல் ஜப்பானியக் குண்டு விழுந்தது. 1942-இல் லட்சக்கணக்கானோர் மலையும் காடும் கடந்து நடந்தே இந்தியாவுக்குப் போனார்கள். 1962-இல் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாக, இன்னொரு பெருங்கூட்டம் கப்பலேறியது. இந்த ஊரில் தமிழ் பேசும் எந்த வீட்டிலும் இதற்கு ஒரு கதை இருக்கும். முப்பது ஆண்டு ஒழுங்காக வந்த கோடு இது. நாலு புள்ளியிலும் குறை சொல்ல முடியாது. கோடு நீளக் காரணமாயிருந்த சங்கதிகள், வயலுக்கு ஆள் தேவை, வட்டிக்கடை, கப்பல் போக்குவரத்து, ஒரே அரசின் கீழ் இரண்டு கரை, இவையெல்லாம் அறுந்தபோது கோடும் அறுந்தது.

இரண்டாவது பாடம் இன்னும் நுட்பமானது. நாட்டின் மொத்த மக்கள்தொகை 1973 கணக்கெடுப்பில் 2.89 கோடி, 1983-இல் 3.53 கோடி. அதன் பிறகு 31 ஆண்டு கணக்கெடுப்பே இல்லை. ஆக எல்லோரும் முன்கணிப்பை நம்பியே காலத்தை ஓட்டினார்கள். 2014-க்கு முன் அரசின் மதிப்பீடு ஏறக்குறைய 6 கோடி. நாமும் போட்டுப் பார்ப்போம்.

நேர்கோடு: பத்தாண்டில் 64 லட்சம், ஆண்டுக்கு 6.4 லட்சம். 31 ஆண்டுக்கு 1.98 கோடி. 2014-க்கு 5.51 கோடி.

கூட்டுவட்டி போல விகிதத்தில் வளர்த்தால்: பத்தாண்டுக்கு 1.22 மடங்கு. 2014-க்கு ஏறக்குறைய 6.56 கோடி.

2014 மார்ச் இறுதியில் எண்ணத் தொடங்கி, முடிவில் வந்தது 5.15 கோடி. அதிலும் 12 லட்சம் பேர் எண்ணப்படாத பகுதிகளுக்கான மதிப்பீடு. மக்கள்தொகை விகிதத்தில் வளரும் என்று பள்ளியில் படித்த நமக்கு, எளிய நேர்கோடே உண்மைக்கு அருகில் நிற்பது ஆச்சரியமாக இருக்கும். அதற்காக நேர்கோடு ஜெயித்தது என்று கொடி பிடிக்க வேண்டாம். அதுவும் 36 லட்சம் கூடுதலாகத்தான் சொன்னது. பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கை வீட்டுக்கு வீடு குறைந்தது, வேலை தேடித் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போனவர்கள் பெருகினார்கள். சாய்வே தணிந்துகொண்டு வந்தது. இரண்டே புள்ளியை வைத்து முப்பது ஆண்டு நீட்டினால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

இனி 1983-ஐயும் 2014-ஐயும் இணைத்துப் புதிய கோடு போடுங்கள்: ஆண்டுக்கு 5.2 லட்சம். 2024-க்கு 5.67 கோடி வர வேண்டும். 2024 கணக்கெடுப்பு அறிவித்தது 5.13 கோடி. கோடு மறுபடி தோற்றது என்று எழுதிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்த 5.13 கோடியில் நேரில் எண்ணப்பட்டவர்கள் சுமார் 3.2 கோடிதான், 1.9 கோடிக்கு மேல் மதிப்பீடு. 2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்த பிறகு சண்டை நடக்கும் ஊர்களுக்குள் கணக்கெடுப்பவர் போக முடியவில்லை. நம் முன்கணிப்பைச் சரிபார்க்க எடுத்த எண்ணே இன்னொருவரின் முன்கணிப்பு. புள்ளி வைப்பதற்கு முன்னால், அதை எண்ணினார்களா, ஊகித்தார்களா என்று கேட்டு, ஊகித்த புள்ளிக்குப் பக்கத்தில் ஒரு சிறு குறி போட்டுவிடுங்கள். நான் வட்டம் போடுவேன்.

ஒன்பதாம் படி: கோட்டைப் புதுப்பியுங்கள்

மாமா கடையில் மாதம் ஒருமுறை பழைய ஏழு நாளை எடுத்துவிட்டுப் புதிய ஏழு நாளைப் போடுவோம். அண்டா மூடி வாங்கிய பிறகு வெட்டுத்துண்டு இறங்கியது, சாய்வு அசையவில்லை. கரி வியாபாரி மாறியபோது இரண்டும் மாறின. எந்த எண் மாறியது என்பதைப் பார்த்தே கடையில் என்ன மாறியது என்று ஊகிக்கலாம்.

பழகிப் பார்க்க ஒன்று. ரங்கூன் சுற்று ரயில் 45.9 கிலோமீட்டர், 39 நிலையம். பழைய வண்டியில் முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 3 மணி நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறி உட்கார்ந்து, ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி வந்து நிற்கும்போது கடிகாரம் காட்டும் நேரத்தை எழுதுங்கள். ஒரு கோடு, கடந்த நிலையங்களைக் காரணியாக வைத்து; இன்னொன்று, கடந்த கிலோமீட்டரை வைத்து. எதில் எச்சம் குறைகிறது? பாதிச் சுற்றில் போட்ட கோடு மீதிப் பாதியைச் சரியாகச் சொல்கிறதா? வண்டி புறப்படத் தாமதமானால் அது சாய்வில் தெரியுமா, வெட்டுத்துண்டில் தெரியுமா? பென்சில் இரண்டு எடுத்துக்கொண்டு போங்கள், அந்த வண்டி ஆடுகிற ஆட்டத்தில் ஒன்று முனை உடையும்.